போனோ பிரீஆம்ப் தேடப் போய்க் கண்டெடுத்த 220 பிக்கோஃபாரட்

என்னுடைய டர்ன்டேபிளின் பின்புறத்தில், ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகளுக்கு அருகே, 'போனோ', 'லைன்' என்று இரண்டு நிலைகள் கொண்ட ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அது 'லைன்' நிலையிலேயே கிடந்தது. அதாவது, டர்ன்டேபிளுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்த பிரீஆம்ப் (முன்பெருக்கி) வழியாகத்தான் இசைத்தட்டுகளைக் கேட்டு வந்தேன். ஒலியைக் கூட்டி வைத்தால் பாடல்களுக்கு இடையிலான அமைதியில் மெல்லிய இரைச்சல் ஒன்று எழும். ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிய பிறகும் அது அப்படியே நீடித்ததால், குற்றம் தட்டின் மேல் இல்லை என்பது தெளிவாயிற்று. தனியாக ஒரு போனோ பிரீஆம்ப் வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். வாங்கும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. வாங்கியதைச் சரியாகப் பொருத்தி முடிக்க நான்கு மாதங்கள் பிடித்தன.

போனோ பிரீஆம்ப் என்ற இந்தப் பெட்டி செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகம் கார்ட்ரிட்ஜ்; நான் பயன்படுத்துவது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. நகரும் காந்த வகை, அதாவது எம்.எம். வகையைச் சேர்ந்தது. அதன் வெளியீடு வெறும் 4 மில்லிவோல்ட். சிடி பிளேயர் போன்ற கருவிகள் தருவது ஏறத்தாழ 2 வோல்ட். ஆகவே பிரீஆம்பின் முதல் வேலை சமிக்ஞையை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குவது. இரண்டாவது வேலை சமன்செய்தல். இசைத்தட்டை வெட்டும்போது, பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டாமல் இருப்பதற்காகக் கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்தும், தட்டின் உராய்வு இரைச்சலுக்கு மேலே கேட்பதற்காக மேல்சுருதி ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். திரும்ப ஒலிக்கும்போது இதை நேர்மாறாகச் செய்ய வேண்டும். 1954 வாக்கில் பொதுத்தரமாக நிலைபெற்ற, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவரையின்படி, 1 கிலோஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸ் ஒலியை 19.3 டெசிபெல் உயர்த்தவும், 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 19.6 டெசிபெல் தாழ்த்தவும் வேண்டும். எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம் சுமை தருவது இதன் மூன்றாவது வேலை. அந்தச் சுமையோடு மின்தேக்குத்திறனும் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்; பிக்கோஃபாரட் அதன் அலகு) ஒட்டிக்கொண்டு வரும் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

முதல் நாளே ஒரு கோமாளித்தனம் நடந்தது. புதிய பெட்டியை இணைத்துத் தட்டையும் சுழலவிட்டேன். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ கத்துவது போன்ற ஒலி வந்தது. பின்புற சுவிட்சை 'போனோ' நிலைக்கு மாற்ற மறந்திருந்தேன். உள்ளே இருந்த பிரீஆம்ப் ஒருமுறை பெருக்கிச் சமன்செய்து அனுப்பியதைப் புதிய பெட்டி இன்னொரு முறை பெருக்கிச் சமன்செய்துகொண்டிருந்தது. கீழ்ச்சுருதி இரட்டித்து, மேல்சுருதி மழுங்கி, நடுவில் இருந்தது அனைத்தும் சிதைந்துவிட்டது. நல்ல வேளையாக ஒலியைக் குறைத்து வைத்திருந்ததால் ஸ்பீக்கர்கள் தப்பின.

சுவிட்சை மாற்றியதும் இரைச்சல் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் இரண்டு மூன்று தட்டுகளைக் கேட்டு முடிப்பதற்குள் வேறொரு தொந்தரவு தலைகாட்டியது. பெண் குரல்களில் 'ச', 'ஸ' வரும் இடங்களெல்லாம் காதில் கூராகக் குத்தின. உலோகத் தாளங்களின் ஒலி முன்னே துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் அந்தத் தாள ஓசை அடங்கும்போது வரவேண்டிய மெல்லிய காற்றோட்டம் போன்ற பகுதி காணாமல் போயிருந்தது. கூர்மையும் மங்கலும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று குழம்பினேன். பெட்டி மட்டமானது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, வசதிகள் கூடுதலாக உள்ள இரண்டாவது பெட்டி ஒன்றையும் வரவழைத்தேன். அது வந்து சேருவதற்கு முந்தைய இரவில்தான், கார்ட்ரிட்ஜுடன் வந்த குறிப்புத்தாளை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். சுமை மின்தேக்குத்திறன் 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரை இருக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மின்தேக்கியை அளக்கும் வசதி கொண்ட ஒரு சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதும்; ஆனால் கார்ட்ரிட்ஜ் இணைந்திருக்கும்போது அளக்கக் கூடாது. ஏனெனில் அதன் கம்பிச்சுருளின் மின்தடை 485 ஓம் மட்டுமே. மீட்டருக்கு அது கிட்டத்தட்டக் குறுக்குச் சுற்றாகத் தெரியும், வரும் எண்ணுக்கும் எந்தப் பொருளும் இருக்காது. தவிரவும், நுண்ணிய கம்பிச்சுருளுக்குள் மீட்டரின் மின்னோட்டத்தைச் செலுத்தாமல் இருப்பதே நல்லது. எனவே கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மீட்டரின் முனைகளை எதிலும் தொடாமல் பிடித்தபோதே 8 பிக்கோஃபாரட் காட்டியது. அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துக்கொண்டேன். ஹெட்ஷெல்லைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் கம்பிகளும் உட்புற இணைப்பும் சேர்ந்து 54. டர்ன்டேபிளுடன் வந்த ஒன்றரை மீட்டர் கேபிள் மட்டும் 158. இவை இரண்டிலுமே 212 ஆகிவிட்டது. பெட்டியைச் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டியிருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்தேன். நான்கு திருகுகள், மெல்லிய தகர மூடி, உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பலகை. ஒவ்வொரு உள்ளீட்டு சாக்கெட்டின் காலுக்கும் பக்கத்தில், மிளகை விடச் சற்றே பெரிதான, மஞ்சளும் பழுப்புமாக ஒரு செராமிக் மின்தேக்கி நின்றது. அதன் மேல் 221 என்று பொறித்திருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் எண். மூன்றாவது இலக்கம் பின்னால் சேர்க்க வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கை. ஆக 220 பிக்கோஃபாரட். வானொலி அலைகள் உள்ளே புகுந்துவிடாமல் தடுப்பதற்காக வைத்தது அது. வைத்தவர் மேல் தப்பில்லை, அதிக மின்தேக்குத்திறன் கேட்கும் கார்ட்ரிட்ஜுகளும் உண்டு. ஆனால் என் கணக்கில் 54, 158, 220 மூன்றும் சேர்ந்து 432 ஆகிவிட்டது. பரிந்துரைத்த உச்ச வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த எண்ணுக்கும் குத்தும் 'ஸ'வுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி. கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளுக்கு 550 மில்லிஹென்றி மின்தூண்டல் இருக்கிறது. மின்தூண்டலும் மின்தேக்குத்திறனும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு உண்டாகும், அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகள் மட்டும் மிகைப்படும். பள்ளிப் பாடத்தில் படித்த அதே சூத்திரம்தான். 432 பிக்கோஃபாரட்டைப் போட்டுக் கணக்கிட்டால் ஒத்ததிர்வு 10.3 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. 47 கிலோ ஓம் சுமையோடு சேர்த்துப் பார்த்தால், எட்டு ஒன்பது கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஏறத்தாழ 3 டெசிபெல் உயரத்துக்கு ஒரு மேடும், அதைத் தாண்டியதும் செங்குத்தான சரிவும் வருகின்றன. ஊசியின் இயக்கத்துக்கென்று தனி ஒத்ததிர்வு இருப்பதால் உண்மையில் கேட்பது இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு விலகும். என்றாலும் மேட்டின் இடம் நான் கேட்ட குறையோடு அச்சாகப் பொருந்தியது. மேடு இருக்கும் இடத்தில் 'ஸ' குத்தியது. சரிவு தொடங்கும் இடத்தில் தாளத்தின் காற்றோட்டம் தொலைந்தது.

அரை மீட்டர் நீளமுள்ள, 51 பிக்கோஃபாரட் மட்டுமே காட்டிய ஒரு கேபிளைத் தேடிப் பிடித்தேன். கேபிளின் பூச்சு, செம்பின் தூய்மை ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் தயாரிப்பாளர்களில் பலர், ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்கோஃபாரட் என்ற ஒற்றை எண்ணை அச்சிடுவதில்லை. போனோ இணைப்புக்கு எனக்குத் தேவைப்பட்டதோ அது ஒன்றுதான். அடுத்து பெட்டிக்குள் இருந்த 220-ஐ எடுத்துவிட்டு 47 வைக்க வேண்டும். முழுவதுமாக எடுத்துவிட்டால் வானொலி நுழையக்கூடும் என்பதால் சிறிதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். வெப்பத்தால் அளவு மாறாத என்.பி.0 வகையில் வாங்கியிருந்தேன். இங்கேதான் அடுத்த சறுக்கல். 470 என்று பொறித்திருந்தால் அது 47 பிக்கோஃபாரட்; 47-க்குப் பின்னால் சுழியம் எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்று பொருள். 471 என்றால்தான் 470. என் கை பழைய பழக்கத்தில், வேறொரு வேலைக்காக வாங்கி வைத்திருந்த 471 உறைக்குள் போய்விட்டது. இடது பக்கத்தில் ஒன்றைச் சால்டர் செய்து முடித்துவிட்டு மீட்டரை வைத்தால் எண் பத்து மடங்கு ஏறி நின்றது. மறுபடியும் ஈயத்தை உறிஞ்சி எடுக்கும்போது பலகையின் செம்புத் தடத்தில் ஒரு நூலளவு உரிந்து வந்தது. ஒரு சிறு கம்பித் துண்டால் பாலம் போட வேண்டியதாயிற்று. புதிய பாகத்தைப் பொருத்துவதற்கு முன்பே மீட்டரில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது இப்போது எனக்குக் கையோடு ஒட்டிவிட்டது.

54, 51, 47. மொத்தம் 152 பிக்கோஃபாரட். ஒத்ததிர்வு 17.4 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப் போயிற்று. கணக்கில் மேடு 0.2 டெசிபெல்லைக்கூடத் தொடவில்லை. அதே தட்டை, அதே பாடலை வைத்தேன். 'ஸ' குரலோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. மட்டமானது என்று தீர்ப்பு எழுதிய அதே பெட்டிதான்.

இதற்கிடையில் இரண்டாவது பெட்டியும் வந்துவிட்டது. அதில் மின்தேக்குத்திறனைத் தேர்ந்தெடுக்கச் சிறு சுவிட்சுகள், பெருக்கத்துக்கு மூன்று நிலைகள், கேட்பெல்லைக்குக் கீழுள்ள அதிர்வுகளை வடிகட்டும் ஒரு சுவிட்ச் ஆகியவை இருந்தன. மின்தேக்குத்திறனை 50-இல் வைத்துக் கேட்டதும், 'அடடா, உயிர் வந்துவிட்டதே' என்று துள்ளினேன். அந்தத் துள்ளல் ஓர் இரவுகூட நிலைக்கவில்லை. முதல் பெட்டியின் பெருக்கம் 36 டெசிபெல், இதனுடையது 41. ஐந்து டெசிபெல் உரத்து ஒலிக்கும் எதுவும் காதுக்கு மேம்பட்டதாகவே தோன்றும். இரண்டுக்கும் ஒரே 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, வெளியீட்டில் 0.1 டெசிபெல் அளவுக்குச் சமப்படுத்திய பிறகு, எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்பதை எனக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொன்னேன். இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது என்னால் பிரித்தறிய முடியவில்லை. சற்று மனத்தாங்கலாகத்தான் இருந்தது.

சமன்செய்தல் எவ்வளவு துல்லியம் என்பதையும் சோதித்தேன். கணினியிலிருந்து ஒற்றை அதிர்வெண் ஒலியை எடுத்து, 10 கிலோ ஓம், 47 ஓம் ஆகிய இரு மின்தடைகளால் ஆன பகுப்பான் வழியாக 4 மில்லிவோல்ட்டுக்குக் குறைத்து உள்ளே செலுத்தி, வெளியே வருவதைச் சவுண்ட் கார்டில் பதிந்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அளவு பார்த்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் பல 10 கிலோஹெர்ட்ஸில் சரியாக அளப்பதில்லை என்பதால் இந்தச் சுற்றுவழி. 100 ஹெர்ட்ஸில் 13.1 டெசிபெல் மேலேயும் 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் கீழேயும் வர வேண்டும். இரண்டு பெட்டிகளுமே அரை டெசிபெல்லுக்குள் அடங்கின. 20 ஹெர்ட்ஸில் மட்டும் முதல் பெட்டி 3 டெசிபெல் குறைவாகக் காட்டியது. இது பழுது அன்று, 1976-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. சேர்த்த திருத்தத்தின்படி, 20 ஹெர்ட்ஸில் இப்படிக் குறைப்பதுண்டு. அந்தத் திருத்தம் எல்லாருக்கும் உவப்பானதாக இல்லை. சில வடிவமைப்பாளர்கள் பின்பற்றினார்கள், பலர் பின்பற்றவில்லை.

பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது, உள்ளே இருந்த பெருக்கிச் சில்லான என்.இ.5532 ஆப்-ஆம்பை எடுத்துவிட்டு நவீனமான எல்.எம்.4562 போட்டால் இரைச்சல் குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். தரவுத்தாளில் மின்னழுத்த இரைச்சலைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. 5 நானோவோல்ட்டுக்குப் பதில் 2.7 தான். ஆனால் பக்கத்து வரியில் மின்னோட்ட இரைச்சல் 0.7 பிக்கோஆம்பியரிலிருந்து 1.6 ஆக ஏறுகிறது. 550 மில்லிஹென்றி சுருள் 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 35 கிலோ ஓம் மின்மறுப்பாக நிற்கும். அந்த மின்னோட்டம் இவ்வளவு பெரிய மறுப்பின் மேல் பாயும்போது உண்டாகும் இரைச்சல், மின்னழுத்தத்தில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு. எம்.எம். கார்ட்ரிட்ஜுக்குப் பழைய 5532 தான் மேல். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஹம், அதாவது மின்வழங்கலால் எழும் தாழ்ந்த ரீங்காரம், தரும் தொல்லை இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாக இருந்தது. மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸை (60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் அதை) ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்செய்தல் சுமார் 17 டெசிபெல் தூக்கிவிடும் என்பதால், வேறெங்கும் கேட்காத ஹம் போனோவில் மட்டும் முனகும். பழைய ஆர்.சி.ஏ. பிளக்குகள் இரண்டில் நடு ஊசியையும் வெளிவளையத்தையும் சால்டரால் இணைத்து, பெட்டியின் உள்ளீட்டில் செருகினேன். ஹம் அப்போதும் இருந்தால் பெட்டியோ அதன் அடாப்டரோ காரணம். மறைந்தால் டர்ன்டேபிள் பக்கம் தேட வேண்டும். மறையவில்லை, பாதியாகக் குறைந்தது. அந்த மீதிப் பாதிக்குக் காரணம், ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றி இருக்கும் மூலைக்கு நேர் மேலே நான் பெட்டியை வைத்திருந்தது. ஒரு முழம் தள்ளி வைத்ததும் ஒழிந்தது. மற்ற பாதி எர்த் கம்பியில் இருந்தது. டர்ன்டேபிளின் எர்த் கம்பியைப் பெட்டியின் திருகில் மாட்டும்போது, கம்பி நுனியின் பிளாஸ்டிக் உறை திருகுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. மேற்சொன்ன அளவீடுகளின்போது மட்டும் கேட்ட கரகரப்பான இன்னொரு ஹம், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது.

ஆக, இசையில் வேறுபாடு தெரியாத இரண்டு பெட்டிகளில் எதை வைத்துக்கொள்வது? இரண்டு இடங்களில் இரண்டாவது பெட்டி முந்தியது. முதலாவது, கீறல் விழுந்த தட்டுகள். கீறலில் ஊசி துள்ளும்போது எழும் துடிப்பு, இசையைக் காட்டிலும் மிகப் பெரியது, கேட்பெல்லைக்கு மேலேயும் நீளக்கூடியது. அதைத் தாங்கும் இடைவெளி பிரீஆம்பில் குறைவாக இருந்தால், சிறு 'டிக்' தட்டையாக வெட்டுப்பட்டு, தடித்த 'டக்' ஆகக் கேட்கும். 12 வோல்ட் ஒற்றை மின்வழங்கலில் ஓடும் முதல் பெட்டி, என் அளவீட்டில் உள்ளீடு 50 மில்லிவோல்ட்டை நெருங்கியதும் சிதையத் தொடங்கியது; இரண்டாவது 100-ஐத் தாண்டியும் தாக்குப்பிடித்தது. விவரத்தாளில் பலர் கண்டுகொள்ளாமல் போகும் எண் இது. வாங்குபவர் எவரும் முதலில் தேட வேண்டியது என்று நான் கருதுகிறேன். இரண்டாவது, நெளிந்த தட்டுகள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கிறது; அதில் ஒரு நெளிவு இருந்தால் ஸ்பீக்கர் கூம்பு அந்தத் தாளத்தில் மூச்சு வாங்குவது போல முன்னும் பின்னும் போய் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வடிகட்டி சுவிட்சைப் போட்டதும் கூம்பு அமைதியாயிற்று. இசையின் கீழ்ச்சுருதி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதன் மூன்றாவது பெருக்க நிலையான 60 டெசிபெல், நகரும் சுருள் வகையான எம்.சி. கார்ட்ரிட்ஜுகளுக்கானது. டெனான் டிஎல்-103 போன்ற ஒன்றின் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதை ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் 0.3 வோல்ட் கிடைக்கும். எனக்கு அப்படியொரு திட்டம் இல்லை. பின்னால் உதவும் என்று இந்த வசதிக்காகவே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். தவறுதலாக ஒருமுறை அந்த நிலையில் விஎம்95இ-யை ஒலிக்கவிட்டபோது, 4 வோல்ட்டுக்கு எகிற முயன்ற சமிக்ஞை சிதைந்து அலறியது.

முதல் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. அது இப்போது மற்றொரு அறையில், அதே வகைக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ஒரு பழைய டர்ன்டேபிளுடன் வேலை செய்கிறது. அந்த டர்ன்டேபிளின் டோன்ஆர்ம் கம்பிகளையும் அளந்தேன்; 61 பிக்கோஃபாரட். மூடியைத் திருகி மூடும் முன், உள்பக்கத்தில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி 'டோன்ஆர்ம் 61, கேபிள் 51, உள்ளே 47, மொத்தம் 159' என்று பேனாவால் எழுதி வைத்தேன். அதற்குக் கீழே, சற்றுப் பெரிய எழுத்தில், '470 என்றால் 47' என்றும்.